பிள்ளைகளின் இரைப்பை மருந்தை எத்தனை நாள் கொடுத்தீர்கள்? உங்கள் அனுபவங்கள்

பாம்பனிலிருந்து ஒரு தாய்:
என் மகளுக்கு ஆறு வயது. இரவில் உண்ட சோறும் மீனும் காலையில் செரிக்காமல் அப்படியே வாந்தியாக வந்ததால் மதுரையில் காட்டினோம். இரைப்பை மெதுவாகவே காலியாகிறது என்று கூறி டாம்பெரிடோன் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். வாந்தி நின்றதால் பழைய சீட்டைக் காட்டியே 11 மாதங்கள் வாங்கிக் கொடுத்தேன். பிறகு தொண்டைப் புண்ணுக்கு இங்குள்ள மருத்துவர் ஒருவர் எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எழுதினார். மருந்துக் கடைக்காரர் இரண்டு புட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார், ஒன்றை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "அம்மா, பிள்ளைக்கு ஈசிஜி எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஈசிஜி சரியாகவே இருந்தது. ஆயினும் எத்தனை நாள் கொடுக்கலாம் என்று நான் ஒருவரிடமும் கேட்காதது இன்னும் உறுத்துகிறது.

தொண்டியிலிருந்து ஒரு தந்தை:
எங்கள் மகனுக்குக் கொடுத்தது மெட்டோகுளோபிரமைடு என்ற வேறொரு வாந்தி மருந்து. மூன்றாம் நாள், பேருந்து தேவிபட்டினத்தைத் தாண்டும்போது அவன் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் மேலே செருகின. நினைவு தப்பவில்லை. "அப்பா, திருப்ப முடியவில்லை" என்று அழுதான். வலிப்பு என்று எண்ணி யாரோ அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மருத்துவமனையில் ஓர் ஊசி போட்ட சிறிது நேரத்தில் கழுத்து நேரானது. சகோதரி, இம்மருந்துகளை இன்றே நிறுத்திவிடுங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்:
தொண்டிச் சகோதரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. என் தங்கை தன் மகளுக்குத் தானாகவே மருந்தை நிறுத்தியதால், பிள்ளை வாந்தியில் துவண்டு குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டும் ஒரே மருந்தும் அல்ல. மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் சென்று தசைகளை முறுக்கக்கூடும். டாம்பெரிடோன் அங்கே அதிகம் செல்வதில்லை, அதில் கவலை இதயத்தைப் பற்றியது. ஐரோப்பிய மருந்து முகமை முன்னதை 5 நாட்களுக்கு மேலும் (2013), பின்னதைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேலும் (2014) கொடுக்க வேண்டாம் என்றது. இதே வேலைக்குப் பயன்பட்ட சிசாப்ரைடை இதயப் பாதிப்புக் காரணமாக இந்தியா 2011இல் தடைசெய்தது. ஆகவே நீண்ட நாள் தேவைப்பட்டால், அந்தத் தேவையை மருத்துவரே அவ்வப்போது மறுபடி எடைபோட வேண்டும். பழைய சீட்டு போதாது. பிள்ளையின் எடைக்கேற்பவே அளவு அமைவதால் ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள். இதயத்தைப் பற்றிய கவலை இருப்பதால், குடும்பத்தில் எவரேனும் திடீரென மயங்கி விழுந்ததுண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்தும் என்பதால் பொரித்த மீனைக் குறைத்து, சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுங்கள். மதுரைக்குப் போகும்போது சளி மருந்து உட்பட வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளையும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.