பட்டறைக்கு வர்ற ஆட்டோகேட் டிராயிங்: எங்கெங்க அளவு தப்புது? (அனுபவப் பகிர்வு – சேலம்)

இழை தொடங்கியவர்
ஆட்டோகேட்ல (கம்ப்யூட்டர்ல டிராயிங் போடுற சாஃப்ட்வேர்) வரைஞ்சு தர்றவங்க, அதைப் பார்த்து வேலை செய்றவங்க ரெண்டு பேருமே இங்க இருக்கோம். திரும்பத் திரும்ப வர்ற கோளாறைக் காரணத்தோட எழுதுங்க. கதை வேண்டாம், அளவு வேணும்.

லேசர் கட்டிங், சூரமங்கலம்
முதல் இடம், டைமென்ஷன் (டிராயிங்ல காட்டுற அளவு) எண்ணைக் கையால மாத்துறதுக்குத்தான். தகடு 118.5 மி.மீ.-ன்னு வரைஞ்சிருக்கும். பார்ட்டி 120 கேட்டதும், கோட்டை இழுக்க சோம்பல்பட்டு டைமென்ஷன்ல டபுள் கிளிக் பண்ணி 120-ன்னு அடிச்சிடுவாங்க. பிடிஎஃப்ல 120 பளிச்சுன்னு இருக்கும். மெஷினுக்குப் போறது டிஎக்ஸ்எஃப் (டிராயிங் கோடுகளைக் கொண்டு போற ஃபைல்). அது கோட்டு மேலதான் போகும், எண்ணைப் பார்க்காது. தகடு 118.5-ல வெட்டிக் கீழ விழும்.

சந்தேகம் வந்தா டைமென்ஷனைத் தொட்டு ப்ராப்பர்டீஸ்ல 'டெக்ஸ்ட் ஓவர்ரைடு' கட்டத்தைப் பாருங்க. அதுல எண் இருந்தா அழிச்சிடுங்க, உண்மையான அளவு திரும்ப வந்துடும். முன்னாடி '4 ஓட்டை' மாதிரி ஏதாவது சேர்க்கணும்னா எண்ணை அடிக்காம <> குறியை வையுங்க. அந்த இடத்துல அளந்த எண்ணே நிக்கும். டிம்அசாக் (அளவைக் கோட்டோட பிணைக்கிற செட்டிங்) 2-ல இருந்தா கோட்டை ஸ்ட்ரெச் பண்ணும்போது அளவும் கூடவே மாறும்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஓவர்கில் (ஒண்ணு மேல ஒண்ணு கிடக்குற கோட்டை அழிக்கிற கமாண்ட்) ஒரு தடவை ஓட்டுங்க. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கோடு கிடந்தா லேசர் அதே வழில ரெண்டு தடவை போகும், ஓரம் கருகும்.

டிரில்லிங், மில்லிங் – செவ்வாய்ப்பேட்டை
எங்க தலைவலி சங்கிலி அளவு, அதாவது ஒரு ஓட்டையில இருந்து அடுத்ததுக்குன்னு தொடர்ச்சியாப் போடுறது. ஜவ்வரிசி ஆலைக்கு ஒரு பிளேட், வரிசையா 5 ஓட்டை, இடைவெளி 40. டிராயிங்ல 40, 40, 40, 40-ன்னு போட்டு விட்டுடறாங்க. தனியா டாலரன்ஸ் (எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கிறது) இல்ல, கீழ 'ஐஎஸ் 2102 மீடியம்'னு (பொது டாலரன்ஸுக்கான இந்தியத் தரம்) மட்டும் இருக்கு. அதுப்படி 40-க்கு ±0.3. நாலு இடைவெளியும் ஒரே பக்கம் சாய்ஞ்சா கடைசி ஓட்டை 1.2 மி.மீ. தள்ளிப் போகும், ஆனா ஒவ்வொரு அளவும் சரிதான்! எம்10 (10 மி.மீ.) போல்ட்டுக்கு 11 மி.மீ. ஓட்டைன்னா பக்கத்துக்கு அரை மி.மீ.தான் இடம். போல்ட் இறங்காது.

முதல் ஓட்டையில இருந்தே 40, 80, 120, 160-ன்னு போடுங்க (டிம்பேஸ்லைன் கமாண்ட்). 160-க்கு ±0.5-தான். டிஆர்ஓ (மேசை நகர்ற தூரத்தை எண்ணாக் காட்டுற டிஸ்ப்ளே) வச்ச மில்லிங்கிலயும் இப்படித்தான் எண் அடிப்போம், மனக்கணக்குப் போட வேண்டியதில்ல.

புதுசு
அண்ணா, அப்போ சங்கிலி அளவே போடக் கூடாதா?

டிரில்லிங், மில்லிங் – செவ்வாய்ப்பேட்டை
அப்படி இல்ல தம்பி. பேஸ்லைன்ல 120-க்கு ±0.3, 160-க்கு ±0.5. அப்போ 4-வது, 5-வது ஓட்டைக்கு நடுவுல 0.8 வரை மாறலாம். அந்த ரெண்டுலதான் ஒரு பேரிங் பிளாக் உக்காருதுன்னா அந்த 40-ஐ நேரா, டாலரன்ஸோட கொடுக்கணும். அப்புறம் 160-ஐ அடைப்புக்குறிக்குள்ள ரெஃபரன்ஸா (தகவலுக்கு மட்டும்) போட்டுடு. ரெண்டையும் டாலரன்ஸோட போட்டா எதை நம்புறதுன்னு மெஷின்காரருக்குத் தெரியாது.

ஓரத்துல இருந்து அளவு எடுக்குறதா இருந்தா மில் பண்ணின ஓரமா பாரு. கேஸ் கட்டிங் ஓரத்தை டேட்டமா (அளவு தொடங்குற இடமா) வச்சா ஒவ்வொரு பிளேட்டும் ஒவ்வொரு மாதிரி வரும்.

வீட்டு பிளான், ஏற்காடு
மலையில வேற மாதிரி. சரிவு மேல டேப்பைக் கிடத்தி அளந்த 20 மீட்டரை அப்படியே பிளான்ல 20,000 மி.மீ.-ன்னு வரைஞ்சிடறாங்க. பிளான்ல வர வேண்டியது கிடைமட்ட அளவு. 15 டிகிரி சரிவுன்னா அது 19.32 மீட்டர்தான். 68 செ.மீ., அதாவது ரெண்டேகால் அடி, காகிதத்துல மட்டும் இருக்கிற நிலம். நாலு பக்கமும் சேர்த்துப் பார்த்தா எல்லை மூடாது. டேப்பை மட்டமாப் பிடிச்சு, தூக்குக் குண்டு விட்டு, படிப்படியா இறங்கி அளக்கணும்.

லெவலும் அப்படித்தான். ±0.00-ஐ 'தரை மட்டம்'னு எழுதினா பொக்லைன் வந்த அன்னைக்கே அந்தத் தரை இருக்காது. நகராத பாறையிலயோ பழைய சுவர்லயோ குறி போட்டு, அதுல இருந்து +0.45, −1.20 மீட்டர்னு கொடுங்க.

கொத்தனார் அடி, இஞ்சுல கேட்பார். பிளானை மி.மீ.லயே வச்சு, ஆல்டர்நேட் யூனிட்ஸ்ல (ரெண்டாவது அலகு) இஞ்சையும் காட்டிடலாம். முழு எண்ணா காட்டச் சொன்னா 230 மி.மீ. சுவருக்கு 9 இஞ்சுன்னு தானே வந்துடும்.

பிரிண்ட் கடை, அஞ்சு ரோடு
'ஃபிட் டு பேப்பர்' டிக்கை எடுத்துட்டு வாங்க. அது இருந்தா 1:50-ன்னு எழுதியிருக்கும், தாள்ல 1:53-ஓ என்னவோ வரும். லேஅவுட்ல (பிரிண்ட் தாள் பக்கம்) வியூபோர்ட்டை (டிராயிங் தெரியுற ஜன்னல்) 1:50 வச்சதும் லாக் பண்ணிடுங்க. உள்ள கிளிக் பண்ணி மவுஸ் சக்கரத்தைச் சுத்தினாலே ஸ்கேல் போயிடும். ஓரத்துல 100 மி.மீ. கோடு ஒண்ணு வரைஞ்சு வையுங்க, பிரிண்ட் வந்ததும் ஸ்டீல் ஸ்கேல் வச்சுப் பார்த்துட்டுக் காசு கொடுங்க.