இழை: ‘இஸ்லாமிஸ்ட்’ – தமிழில் என்ன சொல்ல? (திங்கள் காலை கெடு)

கெடிலக்கரை எழுதியது:

நண்பர்களே, தமிழ்வழியில் அரசியலறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தென்னாசிய அரசியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை கடலூர் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். அதில் 2019இல் பாகிஸ்தானில் ஜமியத் உலமா-இ-இஸ்லாம் கட்சித் தலைவர் மௌலானா ஃபஸ்லுர் ரஹ்மான் நடத்திய ஆசாதி மார்ச் (விடுதலைப் பேரணி) மூன்று பக்கம் வருகிறது. அக்டோபர் 27 அன்று கராச்சியில் கிளம்பி, 31ஆம் தேதி இஸ்லாமாபாத் சேர்ந்து, அப்போதைய பிரதமர் இம்ரான்கான் விலக இரண்டு நாள் கெடு வைத்து, நவம்பர் 13 வரை கூடாரமடித்து உட்கார்ந்தார்களே, அதுதான்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்: ‘சிட்டிங் கவர்ன்மென்டுக்கு எதிரான இஸ்லாமிஸ்ட் இயக்கம்’. சிட்டிங் என்றால் இங்கே பதவியிலிருக்கிற, இஸ்லாமிஸ்ட் என்றால் அரசே இஸ்லாமிய நெறிப்படி நடக்க வேண்டும் என்கிறவர். வகுப்பில் ஒரு பெண்ணிடம் கொடுத்துப் பார்த்தேன். ‘உட்கார்ந்திருக்கும் அரசுக்கு எதிராக இஸ்லாமியர் உட்கார்ந்த இயக்கம்’ என்று எழுதித் தந்தாள். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என் வரைவை எடுத்துப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய அதே கதிதான்.

தென்பெண்ணையார் எழுதியது:

முதலில் அந்த ‘ஸ்’ஸை எடுங்கள் அம்மா. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்றார் தொல்காப்பியர், வடவெழுத்தை விலக்கி எழுது என்று. வடசொல்லுக்கே அப்படி என்றால் அரபுச் சொல்லுக்குச் சொல்ல வேண்டுமா? இசுலாம் என்றே எழுதுக. பெண்ணியம், மார்க்சியம் போல இசுலாமியம். அதைக் கொண்டவர் இசுலாமியர். முடிந்தது.

‘சிட்டிங்’ என்பதற்கு நம்மிடம் அரியணை என்னும் பொருளில் கட்டில் இருக்கிறது. ‘அரசுகட்டில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன்’ நினைவிருக்கும். ‘கட்டிலேறிய அரசு’ எனலாம். கட்டில் என்றதும் புறநானூற்று 50ஆம் பாட்டு. முரசு நீராடப் போயிருந்த நேரத்தில் மோசிகீரனார் முரசுகட்டிலில் ஏறிப் படுத்துவிட, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை வீசாமல் கவரி வீசினான். ஆள்பவன் இடத்தில் போய் உட்காரும் போராட்டத்துக்கு இதைவிடப் பழைய சான்று கிடைக்காது. (இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.)

முல்லா வீதி எழுதியது:

முடியவில்லை ஐயா, அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் ‘இஸ்லாமியர்’ என்றால் முஸ்லிம். மரியாதைக்குச் சொல்கிற சொல். எங்கள் வீதியில் ஃபஜ்ரு (விடியற்காலைத் தொழுகை) தொழுதுவிட்டு டீக்கடையில் பேப்பர் படிக்கிற பெரியவரும் இஸ்லாமியர், ஆட்சியை மாற்ற இஸ்லாமாபாத்தில் கூடாரமடித்தவரும் இஸ்லாமியர் என்றால் பரீட்சையில் பிள்ளை எதை எழுதும்? ‘ஸ்’ போட்டாலும் ‘சு’ போட்டாலும் குழப்பம் அதேதான்.

பேப்பர்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எல்லாருக்கும் ‘அடிப்படைவாதி’, அவசரமென்றால் ‘தீவிரவாதி’. ஃபஸ்லுர் ரஹ்மான் 1988இல் நாடாளுமன்றத்துக்குப் போனவர், தேர்தல் கட்சி நடத்துகிறவர். அவருக்கு அந்தச் சொல் பொருந்துமா? தப்லீக் (மார்க்கப் பரப்புரை) போகிறவர் எவ்வளவு பற்றாக இருந்தாலும் ஆட்சி கேட்பதில்லை. மௌதூதி 1941இல் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கியது அரசே மார்க்கப்படி நடக்க வேண்டும் என்பதற்காக. இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் சொல் வேண்டும். ஆகவே ‘மார்க்க அரசியலார்’. மார்க்கம் எங்கள் வீட்டில் தினம் புழங்கும் சொல். மார்க்க அறிஞர், மார்க்கக் கல்வி என்கிறோமே.

மஞ்சக்குப்பம் வக்கீல் எழுதியது:

பாய், சொல் நல்ல சொல்தான். ஆனால் எங்கள் மாவட்டத்தில் மார்க்கம் ஏற்கெனவே வள்ளலார் பெயரில் பட்டா ஆகிவிட்டது. சமரச சுத்த சன்மார்க்கம். தைப்பூசத்துக்கு வடலூரில் ஜோதி பார்க்க நிற்கிற கூட்டத்தில் ‘மார்க்க அரசியல்’ என்று சொல்லிப் பாருங்கள், ஞானசபை விவகாரம் என்று நினைப்பார்கள். பேருந்து நிலையத்தில் சொன்னால் ‘விழுப்புரம் மார்க்கமா?’ என்பார்கள். ‘ஆள் ஒரு மார்க்கமா இருக்கான்’ என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

‘இஸ்லாமியவாதி’ என்று யாராவது கொண்டுவருவதற்கு முன் அதற்கும் என் ஆட்சேபணை. நீதிமன்றத்தில் வாதி என்றால் வழக்குப் போட்டவர். அப்படியானால் இம்ரான்கான் பிரதிவாதியா?

தென்பெண்ணையார் எழுதியது:

மார்க்கம் வடசொல். நெறி என்க. வேண்டுமானால் சோனகம் இருக்கிறது, முஸ்லிம்களைக் குறித்த பழஞ்சொல். ‘சிங்களம் சோனகம் சாவகம்’ என்று பழஞ்செய்யுளே உண்டு. யவனரிலிருந்து சோனகர் ஆன கதையை எழுதினால்...

முல்லா வீதி எழுதியது:

வேண்டாம் ஐயா. சோனகர் இனப்பெயர். பட்டாணியரான ஃபஸ்லுர் ரஹ்மானைச் சோனகர் என்றால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வருவார்கள்.

தூமா வீதி எழுதியது:

தாமதமாக வருகிறேன். பிரெஞ்சிலும் இதே கூத்து நடந்தது. 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் வொல்தேர் காலத்தில் ‘இஸ்லாமிஸ்ம்’ என்றால் இஸ்லாம் மதமே, வேறொன்றுமில்லை. அரசியல் பொருள் ஏறியது 1970களுக்குப் பிறகு, பாரிஸ் பேராசிரியர்கள் கையில். எனவே ‘இஸ்லாமியம்’ தமிழிலும் மெல்ல நகரும் என்று சொல்லலாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் நகராது.

நான் கேட்க வந்தது வேறு. ‘ஆசாதி மார்ச்’சை என்ன செய்தீர்கள்? ‘விடுதலைப் பயணம்’ என்று போட்டுவிடாதீர்கள். புதுச்சேரியில் மாதா கோயில் போகிறவர்கள் நிறையப் பேர். பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் அது மோசே எகிப்திலிருந்து கிளம்பும் நூலின் பெயர். ‘விடுதலை நாள் பேரணி’ என்றால் இன்னும் மோசம், புதுச்சேரிக்காரர்களான எங்களுக்குப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை நாள் நவம்பர் 1. மௌலானா கெடு வைத்ததும் 2019 நவம்பர் 1! அந்தப் பெயரும் அவருடைய சொந்தச் சரக்கில்லை. 2014 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் நவாஸ் ஷெரீஃபுக்கு எதிராக இதே பெயரில் இஸ்லாமாபாத்துக்குப் போய், டிசம்பரில் பெஷாவர் பள்ளிப் படுகொலை நடந்தது வரை 126 நாள் உட்கார்ந்தவர் இம்ரான்கான். பெயரை மொழிபெயர்த்தால் இந்தக் குத்தல் போய்விடும். ஆசாதி மார்ச் என்றே விடுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

ஆசாதி மார்ச், சரி. ‘சிட்டிங்’குக்குப் ‘பதவியிலிருந்த’ போதும். ஐயா மன்னிக்க, கட்டில் என்றால் பிள்ளைகள் மெத்தையைத் தேடுவார்கள். கூடாரமடித்து உட்கார்ந்ததை ‘உள்ளிருப்பு’ என்றால் நெய்வேலிப் பக்கத்துப் பிள்ளைக்கு ஆலைக்குள் வேலை செய்யாமல் உட்காருவது என்று படும். தர்ணா என்றே போடுகிறேன். மிச்சம் அந்த ஒரு சொல்.

முல்லா வீதி எழுதியது:

ஒரு சந்தேகம். அந்த மூன்று பக்கத்தில் அவர்கள் கேட்டது என்ன? 2018 தேர்தலில் முறைகேடு, பிரதமர் விலகு, மறுதேர்தல் வை. பாகிஸ்தான் மக்கள் கட்சித் தலைவர் பிலாவல் பூட்டோ வந்து அதே மேடையில் பேசினார். அவரை யார் இஸ்லாமிஸ்ட் என்பார்கள்? கட்சி அப்படிப்பட்டது என்று சொல்லலாம். தொடக்கத்தில் பெண் நிருபர்களை மைதானத்துக்குள் விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லலாம். ஆனால் இயக்கத்துக்கே அந்த அடைமொழி எதற்கு? கட்சிப் பெயரை எழுதிவிட்டு அடைமொழியை எடுத்துவிடுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

மூலத்தில் இருக்கிறதே, எடுக்க எனக்கு உரிமை இல்லை. ஞாயிறு இரவு மணி பதினொன்று. ‘இஸ்லாமிய ஆட்சிக் கொள்கையர்’ என்று போட்டிருக்கிறேன். வக்கீல் சாரும் தூமா வீதியும் தனி மடலில் ‘பரவாயில்லை’ என்றார்கள். அந்தப் பெண்ணுக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். ‘மேடம், இவங்க ஆட்சியில இருக்காங்களா, ஆட்சி கேக்கறாங்களா?’ என்று கேட்டிருக்கிறாள். பதில் எழுதப் போகிறேன்.

முல்லா வீதி எழுதியது:

என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்புக்கு எடுத்து வையுங்கள்.

தென்பெண்ணையார் எழுதியது:

‘இசுலாமிய’ என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா? மோசிகீரனார் மடல் நாளை வரும்.