மாற்றியமைத்த காருக்கு முழு இழப்பு: எந்த மதிப்பைக் கேட்பது?

மலைப்பாதை:

மழையில் சறுக்கித் தடுப்புச் சுவரில் மோதிய என் காரைப் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று சர்வேயர் அறிக்கை கொடுத்துவிட்டதால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாக அறிவித்து ஒரு தொகையையும் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டில் வந்த, எந்த மாற்றமும் செய்யப்படாத அதே மாடல் கார் என்ன விலைக்குப் போகுமோ அதுதான் அந்தத் தொகை. என் காரில் காயில்ஓவர் சஸ்பென்ஷன் (காரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சுருள்வில் அமைப்பு), பெரிய பிரேக் காலிப்பர்கள் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகங்கள்), எடை குறைந்த 18 அங்குல அலாய் வீல்கள், உடலை இறுக்கிப் பிடிக்கும் பக்கெட் இருக்கைகள், இசியு ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றியமைப்பது) ஆகியவை இருந்தன. இவற்றுக்கான செலவு கார் வாங்கிய விலையில் பாதியைத் தொடும். பாகங்கள் எல்லாம் பாலிசி அட்டவணையில் இருக்கின்றன. ரீமேப்பைத் தொலைபேசியில் தெரிவித்தேன், ஆனால் அது அட்டவணையில் ஏறவில்லை. பாலிசி சந்தை மதிப்பு அடிப்படையிலானது. எல்லா ரசீதுகளையும் இணைத்து முழுத் தொகையையும் கேட்கலாம் என்றிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

திருகுசாவி:

தயங்காமல் கேளுங்கள் நண்பரே. மாற்றங்களை அறிவித்தபோது நிறுவனம் உங்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்கியதா இல்லையா? வாங்கியிருந்தால், அந்தக் காரில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தே அதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்றுதான் அர்த்தம். பணம் வாங்கும்போது மாற்றியமைத்த காராகத் தெரிந்தது, பணம் கொடுக்கும்போது மட்டும் ஷோரூமிலிருந்து வந்த நிலையில் தெரிகிறது என்றால், அதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? என் பட்டறைக்கு வருகிற வாடிக்கையாளர்களில் பலர் முதல் கடிதத்தைப் பார்த்ததுமே சோர்ந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நிறுவனம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ரசீது, பொருத்துக்கூலி, சீரமைப்புச் செலவு எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு அனுப்புங்கள்.

கணக்கன்:

வாகன மதிப்பீட்டுப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் திருகுசாவி அவர்களின் கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. அவருடைய கோபம் நியாயமானது, ஆனால் அந்தக் கோபத்தை அப்படியே கடிதமாக்கினால் மலைப்பாதைக்கு ஒன்றும் கிடைக்காது. கூடுதல் பிரீமியம் பெரும்பாலும் கூடுதல் ஆபத்துக்காக வாங்கப்படுவது. வேகம் கூடிய கார் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு அதிகம், விலையுயர்ந்த வீல்கள் திருடுபோகும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டுத்தான் அந்தத் தொகையை ஏற்றுகிறார்கள். மாற்றங்களின் மதிப்பையும் ஈடு செய்வோம் என்று பாலிசியில் தனி வாசகம் இருந்தாலொழிய, அறிவித்ததனால் மட்டுமே அந்த மதிப்பு காப்பீட்டுக்குள் வந்துவிடாது.

ரசீது என்பது நீங்கள் என்ன செலவழித்தீர்கள் என்பதற்குத்தான் சான்று. விபத்துக்கு முந்தைய நாள் அந்தக் காரைச் சந்தையில் நிறுத்தியிருந்தால் ஒருவர் என்ன கொடுத்திருப்பார் என்பதற்கு அது சான்றாகாது, பாலிசி கொடுப்பதாகச் சொன்னதோ இந்த இரண்டாவது தொகையைத்தான். இன்னும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. தாழ்த்திய சஸ்பென்ஷனும் பக்கெட் இருக்கைகளும் உள்ள காரைப் பார்த்ததும் விலகிப் போகிற வாங்குநர்களே பொதுச்சந்தையில் அதிகம், அதனால் சில மாற்றங்கள் விலையைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கவும் செய்யும்.

திருகுசாவி:

கணக்கன் ஐயா சொல்லும் பொதுச்சந்தை யாருடைய சந்தை? மலைப்பாதையின் காரைத் தேடி வருபவர் குடும்பக் கார் தேடுபவர் அல்லர். இத்தகைய கார்களை ஆர்வலர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கிறார்கள், அங்கே நல்ல காயில்ஓவருக்கும் நல்ல பிரேக்குக்கும் உரிய விலை கிடைக்கத்தான் செய்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் புரட்டிப் பார்க்கும் விலை வழிகாட்டிகளில் மாற்றியமைத்த காருக்குப் பக்கமே கிடையாது. இல்லாத பக்கத்தை வைத்து மதிப்பு இல்லை என்று முடிவு கட்டுவது மதிப்பீடு ஆகுமா?

கணக்கன்:

இந்த இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன், நான் சொல்ல வந்த வழியும் இதுதான். ரசீதுக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஆர்வலர் சந்தையில் அதே மாடலில் ஏறக்குறைய இதே மாற்றங்களோடு விற்பனைக்கு வந்துள்ள கார்களைத் தேடி எடுங்கள். ஆண்டு, ஓடிய தூரம், எஞ்சின் வகை, மாற்றங்களின் பட்டியல், விளம்பரம் வெளியான தேதி ஆகியவை தெரியும்படி முழுப் பக்கத்தையும் சேமியுங்கள். கார் விற்றுப்போனதும் விளம்பரம் மறைந்துவிடும், வெறும் இணைப்பை அனுப்பினால் எதிர்த்தரப்பு அதைத் திறக்கும் நாளில் அங்கே ஒன்றும் இருக்காது. விளம்பர விலைக்கும் கைமாறும் விலைக்கும் இடைவெளி உண்டு என்று அவர்கள் சொல்வார்கள். அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, மிக அதிக விலை கேட்கும் விளம்பரத்தை நீங்களே விட்டுவிடுவது உங்கள் பட்டியலுக்குக் கனம் சேர்க்கும்.

அதற்கும் முன்னால், சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேட்டுப் பெற்று வரி வரியாகப் படியுங்கள். மாடலின் கீழ்நிலை வகையைக் குறித்திருப்பது, ஓடிய தூரத்தைத் தவறாகப் பதிந்திருப்பது, 18 அங்குல வீல் இருந்த இடத்தில் தொழிற்சாலை அளவை எழுதியிருப்பது போன்ற பிழைகள் இந்த அறிக்கைகளில் சர்வசாதாரணம். மாற்றங்களைப் பற்றி வாதிடுவதற்கு முன்பே அடிப்படை விலை சில சமயம் இந்தப் பிழைகளைத் திருத்துவதிலேயே உயர்ந்துவிடும். அதில் தகராறுக்கும் இடமில்லை.

நெடும்பயணி:

எல்லாரும் மதிப்பை உயர்த்துவதிலேயே குறியாக இருக்கிறீர்கள். மதிப்பு உயர்ந்தால் முழு இழப்பு என்ற முடிவே மாறிவிடலாம் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பழுதுச் செலவைக் காரின் மதிப்போடு ஒப்பிட்டுத்தான் அந்த முடிவை எடுக்கிறார்கள். மதிப்பை ஏற்றிவிட்டால், சரி, பழுதுபார்த்தே தருகிறோம் என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்போது மாற்று பாகங்களுக்குப் பதிலாகச் சாதாரண பாகங்களைப் பொருத்தித் தந்தால் என்ன செய்வீர்கள்?

வழக்காடி:

நெடும்பயணி எழுப்பிய ஐயம் கவனிக்கத்தக்கது, ஆனால் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் பழுதுச் செலவு ஐடிவி எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்வது வழக்கம். அந்த ஐடிவி, பாலிசி எடுக்கும் நாளிலேயே, புதுக் காரின் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. தேய்மானம் முதல் 6 மாதத்துக்கு 5 விழுக்காடு என்று தொடங்கி, நான்கு ஆண்டைக் கடந்து ஐந்தாம் ஆண்டு முடியும்வரை 50 விழுக்காடு என்ற அளவை எட்டும். தயாரிப்பாளர் பொருத்தாத துணைப்பொருள்களின் மதிப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் விபத்துக்குப் பிறகு பேரம் பேச அங்கே இடம் குறைவு. பிரித்தானியாவில் நிலைமை வேறு. சந்தை மதிப்பு விபத்துக்குப் பிறகே கணக்கிடப்படுவதால் பேரத்துக்கு இடமிருக்கிறது. முழு இழப்பான கார்களை 2017 அக்டோபர் முதல் ஏ, பி, எஸ், என் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் மீண்டும் சாலைக்கு வரக்கூடாதவை, எஸ் என்பது கட்டமைப்பில் சேதம் உள்ளது, என் என்பது கட்டமைப்பில் சேதம் இல்லாதது. மலைப்பாதை தன் கார் எந்தப் பிரிவு என்று முதலில் கேட்டறிய வேண்டும், ஏனென்றால் அதைத் திரும்ப வாங்கலாமா என்பதே அதைப் பொறுத்தது.

ரீமேப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது.

திருகுசாவி:

ரீமேப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் நல்லது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அவர்கள் கேட்கவில்லை, அட்டவணையிலும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற பொருளும் இல்லை. போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன்?

வழக்காடி:

இது மிகத் தவறான ஆலோசனை. இசியுவில் உள்ள மென்பொருளைத் தடயவியல் முறையில் படித்துப் பார்க்க முடியும், மோதலில் முழு இழப்பான காரில் அதைச் செய்யவும் செய்கிறார்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால் பேச்சு ரீமேப்போடு நிற்காது, கோரிக்கை முழுவதும் மோசடி என்ற பெயரில் நிராகரிக்கப்படலாம். மலைப்பாதை மறைக்கவில்லை, தொலைபேசியில் தெரிவித்திருக்கிறார். நிறுவனங்கள் பொதுவாக அழைப்புகளைப் பதிவு செய்கின்றன, அந்தப் பதிவைக் கேட்டுப் பெறுவதே இப்போது அவர் செய்ய வேண்டிய முதல் வேலை. பதிவு கிடைத்துவிட்டால், அட்டவணையில் ஏற்றாமல் விட்டது நிறுவனத்தின் குறையாகிவிடும்.

பதிவு கிடைக்கவில்லை என்றாலும் எல்லாம் கைவிட்டுப் போய்விடாது. பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், தவறான தகவல் வேண்டுமென்றோ பொறுப்பற்ற முறையிலோ கொடுக்கப்பட்டதா, கவனக்குறைவால் நேர்ந்ததா என்று பிரித்துப் பார்க்கிறது. முதல் வகையில் பாலிசியே செல்லாது என்று நிறுவனம் சொல்லலாம். இரண்டாம் வகையில், உண்மை தெரிந்திருந்தால் கூடுதல் பிரீமியம் மட்டும் கேட்டிருப்பார்கள் என்ற நிலை இருந்தால், இழப்பீட்டை அதே விகிதத்தில் குறைக்கலாம், அதற்கு மேல் குறைக்க முடியாது. பிரீமியமாக 100 வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 80 வாங்கியிருந்தால் கோரிக்கையில் 80 விழுக்காடு கிடைக்கும். ஆனால், உண்மை தெரிந்திருந்தால் அந்தக் காருக்குக் காப்பீடே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் கோரிக்கை முழுவதும் போய்விடும். அமைதியாக இருந்து மோசடிக் குற்றச்சாட்டை வரவழைத்துக்கொள்வதைவிட இவற்றில் எதுவும் மேல்.

மலைப்பாதை:

அழைப்புப் பதிவைக் கேட்டு இன்றே எழுதிவிட்டேன். ரீமேப்பை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கார் எஸ் பிரிவு என்று சொல்கிறார்கள். அதை நானே வைத்துக்கொள்வதானால் சால்வேஜ் மதிப்பு, அதாவது சேதமான நிலையில் காருக்குக் கிடைக்கும் விலை, என்று ஒரு தொகையைக் கழிப்பார்களாம், அந்தத் தொகை எனக்குச் சற்று அதிகமாகப் படுகிறது. கழற்றக்கூடிய பாகங்களை இப்போதே கழற்றிக்கொண்டால் என்ன? எல்லாவற்றுக்கும் தொழிற்சாலைப் பாகங்கள் என் வீட்டில்தான் இருக்கின்றன.

திருகுசாவி:

தொழிற்சாலைப் பாகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். வீல்களும் இருக்கைகளும் ஒரு நாள் வேலைதான். காலிப்பர்களைக் கழற்றலாம், ஆனால் மோதிய பக்கத்துக் காலிப்பரையும் காயில்ஓவரையும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் இன்னொரு காரில் மாட்டாதீர்கள், யாருக்கும் விற்கவும் செய்யாதீர்கள். இருக்கைகளின் பிடிப்புச் சட்டங்களையும் அப்படியே பார்க்க வேண்டும். ரீமேப்பும் பொருத்துக்கூலியும் போனது போனதுதான்.

கணக்கன்:

கழற்றுவதற்கு முன் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கோரிக்கை தீராத நிலையில் காரின் தோற்றத்தை மாற்றினால், சான்றைக் கலைத்ததாகவும் சொல்வார்கள், கழற்றிய பாகத்துக்கு ஒரு விலை வைத்துக் கழிக்கவும் செய்வார்கள். அவற்றின் இடத்தில் தொழிற்சாலைப் பாகங்களைப் பொருத்தித் தருவதாகச் சேர்த்து எழுதினால் அவர்கள் மறுப்பதற்குக் காரணம் குறையும்.

சால்வேஜ் தொகையைப் பற்றி நீங்கள் சொன்னதில்தான் இந்த வழக்கின் பிடி இருக்கிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேளுங்கள். சேதமான கார்களை வாங்குபவர் படத்தைப் பார்த்தே விலை சொல்கிறார், படத்தில் உங்கள் வீல்களும் காலிப்பர்களும் பளிச்சென்று தெரியும். ஆகவே ஒரே நிறுவனம் ஒரு தாளில் மாற்றங்களுக்கு மதிப்பில்லை என்று சொல்லிக்கொண்டு, மற்றொரு தாளில் அதே மாற்றங்களால் உயர்ந்த சால்வேஜ் தொகையை உங்களிடமிருந்து கழிக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் அது வைத்துக்கொள்ள முடியும். சந்தை மதிப்பைச் சாதாரணக் காராகக் கணக்கிட்டால் சால்வேஜையும் சாதாரணக் காராகவே கணக்கிட வேண்டும், அப்போது பாகங்கள் உங்களுடையவை. மாற்றங்களோடு சேர்த்துத்தான் சால்வேஜ் என்றால், அவற்றின் மதிப்பு இழப்பீட்டிலும் ஏற வேண்டும். கடிதத்தில் வேறெதையும் எழுதாமல் இதை மட்டும் கேட்டாலும் போதும், பதில் சொல்ல அவர்கள் திணறுவார்கள்.

திருகுசாவி:

இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஐயா, பொருத்துக்கூலியும் ரீமேப்பும் காற்றில் போவதை ஏற்கச் சொல்கிறீர்கள். நிறுவனத்துக்குத் தெரிந்து செய்த வேலை அது. அதையும் கடிதத்தில் கேட்டே ஆக வேண்டும் என்பேன், கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு.

கணக்கன்:

கேட்பதைத் தடுக்கவில்லை. கிடைக்கக்கூடிய தொகையோடு கிடைக்காத தொகையையும் ஒரே கடிதத்தில் கலந்தால், மறுப்பு எழுதுபவர் பலவீனமானதை எடுத்து அடித்துவிட்டு வலுவானதற்குப் பதிலே சொல்லாமல் போய்விடுவார் என்பதுதான் என் கவலை.

வழக்காடி:

நடைமுறையில் இன்னும் இரண்டு செய்திகள். தகராறு இல்லாத தொகையை இடைக்காலமாகக் கொடுக்கும்படி கேளுங்கள், அதைப் பெறும்போது முழுத் தீர்வாக ஏற்கவில்லை என்று எழுத்தில் குறிப்பிடுங்கள், முழுத் தீர்வு என்று அச்சடித்த படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காரின் மேல் கடன் நிலுவை இருந்தால் தொகை முதலில் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும். பிரித்தானியாவில் முறையான புகாருக்கு நிறுவனம் 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும், அந்தப் பதில் வந்த 6 மாதத்துக்குள் நிதித்துறைக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். சந்தை மதிப்பைவிடக் குறைவான தொகையைக் கொடுத்துக் கோரிக்கைகளை முடிக்கக் கூடாது என்று அங்குள்ள நிதிக் கட்டுப்பாட்டு ஆணையம் 2022 டிசம்பரில் காப்பீட்டு நிறுவனங்களை எச்சரித்ததும் உண்டு.

மலைப்பாதை:

ஒப்பிடத்தக்க கார்கள் மூன்று கிடைத்திருக்கின்றன, அதிக விலை கேட்ட நான்காவதை விட்டுவிட்டேன். சர்வேயர் அறிக்கையில் வீல் அளவு தவறாகவே இருக்கிறது. சால்வேஜ் கேள்வியை முதல் பத்தியில் வைத்து, பாகங்களை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு முடித்திருக்கிறேன். பொருத்துக்கூலியைத் தனிக் கடிதமாக எழுதிவிடுகிறேன், திருகுசாவி அண்ணன் கோபிக்க வேண்டாம்.

திருகுசாவி:

தனிக் கடிதமானாலும் சரி, அதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.