மறுமொழி: ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் – ‘சுடரமர்த்தி’ எனலாமா?

வணக்கம். பர்னர் சுடர் உள்ளே திரும்பி டியூப் வழியே பின்னோக்கி ஓடுவதுதான் ஃப்ளாஷ்பேக்; அதை நிறுத்தும் கருவி அரெஸ்டர். அதற்கு நான் சொன்ன ‘சுடரமர்த்தி’ பற்றி நீங்கள் கேட்டது:

> ‘பின்தீத் தடுப்பான்’ போதுமே. திரும்பா வால்வும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதானே?

ஒன்றில்லை ஐயா. இந்தச் சொல்லுக்கு நான் இவ்வளவு மல்லுக்கு நிற்பதே அதனால்தான்.

மதுரையில் எங்கள் வீட்டு மாடிக் கொட்டகையில் பர்னர் சுடரில் கண்ணாடியை உருக்கி, மாலையில் கோக்கும் மணி செய்கிறேன். பர்னருக்கு இரண்டு டியூப்: சிவப்பில் புரோப்பேன், நீலத்தில் ஆக்சிஜன். ஆக்சிஜனுக்கு அழுத்தம் கூடுதல். பர்னர் முகத்தில் ஒரு கண்ணாடித் துணுக்கு அடைத்துக்கொண்டால், வெளியேற வழியில்லாத ஆக்சிஜன் புரோப்பேன் டியூபுக்குள் புகுந்துவிடும். அப்புறம் அந்த டியூபே மருந்து கெட்டித்த வெடி மாதிரிதான்.

வாயு பின்னோக்கி வராமல் பார்த்துக்கொள்வது திரும்பா வால்வின் வேலை. அது சரியாக மூடாமல் கலவை ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அந்தக் கலவை வழியே ஓடிவரும் சுடரை நிறுத்த வால்வால் ஆகாது. அரெஸ்டருக்குள் இருப்பது உலோகத் துகள்களைச் சூட்டில் ஒட்டவைத்த நுண்துளைத் துண்டு. சுடர் அந்தத் துளைகளில் நுழையும்போதே சூடு இழந்து அவிந்துவிடும்.

சென்ற ஆவணியில் இதைக் கண்ணால் பார்த்தேன். ‘பட்’டென்று ஒரு சத்தம், சுடரைக் காணோம். பர்னர் கழுத்துக்குள்ளிருந்து சீழ்க்கை போல ஒரு கீச்சொலி. இரண்டு வாயுவையும் மூடி, ஆறவிட்டுக் கழற்றினேன். பர்னருக்கும் அரெஸ்டருக்கும் நடுவே கரி. அதற்கு அப்பால், சிலிண்டர் பக்கம், டியூப் சுத்தமாக இருந்தது. அந்த அரெஸ்டரையும் டியூபையும் அன்றே மாற்றிவிட்டேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘தடுப்பான்’ என்றால் வால்வும் அதுவே என்று நினைத்து, ஒன்றை மட்டும் வாங்கிப் போவார்கள். ‘தீயணைப்பான்’ சுவரில் தொங்கும் சிவப்பு உருளைக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் ‘விளக்கை அமத்து’ என்போம், எழுத்தில் அமர்த்து. ஆகவே சுடரமர்த்தி. வேலைக்கு அமர்த்துவதோடு குழம்புமே என்றால், முன்னால் ‘சுடர்’ நிற்கிறதே. ஃப்ளாஷ்பேக்கிற்கு ‘சுடர் எதிரேறல்’. கண்மாய் மறுகால் பாயும்போது மீன் தண்ணீரை எதிர்த்து ஏறுகிறதே, அதே ஓட்டம்தான்.



தெருமுனை வெல்டிங் பட்டறை அண்ணனிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் ‘சுடரமர்த்தி’ என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். “தீயை அமத்துறதா? அரெஸ்டரா தம்பி?” என்றார்.

கையேட்டில் இப்படிப் போடலாமென்று இருக்கிறேன், திருத்திச் சொல்லுங்கள்: “இரு டியூபுக்கும் தனித்தனிச் சுடரமர்த்தி மாட்டவும். அதன் மேலுள்ள அம்புக்குறி பர்னரை நோக்கி இருக்க வேண்டும். புரோப்பேன் பக்கத்து மரை இடஞ்சுழி (வழக்கத்துக்கு எதிராக, இடப்பக்கம் திருகினால் இறுகும்). முடுக்கிய பின் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கவும். ஆக்சிஜன் பக்கம் எண்ணெயோ கிரீசோ படவே கூடாது.”