தோப்புக்குள் ஓட்டும்போது சீட் பெல்ட் அலாரம் உயிரை வாங்குகிறது, வழி உண்டா?

ஆனைமலை_தென்னை

வணக்கம். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டு ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்று எடுத்தோம். வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த டிங் டிங் சத்தம்தான் தாங்க முடியவில்லை.

தோப்பு மூன்று துண்டாக இருக்கிறது. கேட்டைத் திறக்க இறங்க வேண்டும், உள்ளே விட்ட பிறகு மாடு நுழையாமல் மூட மறுபடி இறங்க வேண்டும். அங்கிருந்து மோட்டார் ரூம். அப்புறம் சொட்டுநீர் வால்வு திருப்ப ஒவ்வொரு இடமாக நிறுத்த வேண்டும். நாலு தென்னை தாண்டுவதற்குள் பெல்ட்டை மாட்டு, கழற்று. மாட்டாவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே கத்த ஆரம்பிக்கிறது. பக்கத்து சீட்டில் ஆளே இல்லாதபோதும் சில நாள் கத்துகிறது. இப்போது புதிதாக இன்னொன்று: பெல்ட் போட்டிருந்தாலும் வாய்க்காலில் இறங்கி ஏறினால் ஒரு டிங்.

பக்கிளில் சொருகிவிட்டால் சத்தம் நிற்கிற மாதிரி ஒரு கிளிப் விற்பார்களாமே, யாராவது வாங்கியிருக்கிறீர்களா? இல்லை, சீட்டுக்கு அடியில் ஒயரைக் கழற்றிவிடலாமா? சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு "அதெல்லாம் ஆஃப் பண்ண முடியாது சார்" என்று முடித்துவிட்டார்கள். ரோட்டில் நான் பெல்ட் போடாமல் ஓட்டுவதில்லை. தோப்புக்குள் மட்டும்தான் கேட்கிறேன்.

மஞ்சள்_காடு

இதுக்கு எதுக்குங்க கிளிப். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிட்டு அதன்மேல் சாய்ந்து உட்காருங்க. எங்க வீட்டில் அப்படித்தான். செலவே இல்லை.

கறுப்பு_கோட்டு

கிளிப் விஷயத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், வண்டி ரிப்பேர் எனக்குத் தெரியாது.

2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின்சீட்டில் இருந்தவர், பெல்ட் போடவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கிளிப் மேல் அரசாங்கத்தின் கண் விழுந்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பதிவுகளை எடுக்க வைத்தது. பாட்டில் ஓப்பனர், சிகரெட் லைட்டர் என்று வேறு பெயரில்கூட விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் இன்னும் கிடைக்கலாம். ஆனால் விபத்து என்று ஒன்று வந்து, வண்டியில் அந்தக் கிளிப் சொருகியிருந்தால் இன்சூரன்ஸ்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். அதையும் கணக்கில் வையுங்கள்.

சர்வீஸ் சென்டர்காரர்கள் மேல் தப்பில்லை. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் டிரைவருக்கும் முன்சீட்டுப் பயணிக்கும் பெல்ட் நினைவூட்டல் கட்டாயம். 80 கிலோமீட்டர் தாண்டினால் ஒலிக்கிற வேக எச்சரிக்கையும் அதே தேதியில் வந்ததுதான்.

தோப்புக்குள் சட்டம் வருமா என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 'பொது இடம்' என்பது பொதுமக்கள் போக உரிமை உள்ள இடம். வேலி போட்டு கேட் வைத்த உங்கள் தோப்புக்குள் வந்து யாரும் 194பி பிரிவில் ஆயிரம் ரூபாய் அபராதம் போடப்போவதில்லை. ஆனால் மூன்று துண்டு என்கிறீர்களே, நடுவில் பஞ்சாயத்து ரோடோ, ஊர்க்காரர்கள் நடக்கிற இட்டேரியோ இருந்தால் அதைத் தாண்டும்போது நீங்கள் ரோட்டில்தான் இருக்கிறீர்கள்.

ஆனைமலை_தென்னை

நடுவில் பஞ்சாயத்து ரோடு இருக்கிறதுங்க. தேங்காய் லாரி எல்லாம் அதில்தான் போகும்.

உடுமலை_ஆட்டோ_எலக்ட்ரிக்

அண்ணா, ஒயரில் கை வைக்காதீங்க. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

நிறைய வண்டிகளில் அந்த பக்கிள் ஸ்விட்ச் ஒயர் நேராக ஏர்பேக் கம்ப்யூட்டருக்குத்தான் போகிறது. நீங்கள் பெல்ட் போட்டிருக்கிறீர்களா இல்லையா என்று அதுக்குத் தெரியணும். சாவி ஆனில் இருக்கும்போது ஒயர்களை இணைக்கிற கப்ளரைப் பிடுங்கினால் மீட்டரில் ஏர்பேக் லைட் எரியும். திரும்ப மாட்டினாலும் பல வண்டியில் அது அணையாது, ஸ்கேனர் போட்டுத்தான் அழிக்கணும். அந்த லைட் எரிகிறவரை ஏர்பேக் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அதிலும் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, விளையாட்டு வேண்டாம்.

உங்கள் பதிவைப் படித்தால் மூன்று சத்தம் இருக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேற வேற. நீங்கள் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத் திட்டுறீங்க.

பெல்ட் போட்டபிறகும் பள்ளத்தில் டிங் என்கிறதே, அது அலாரத்தின் குணம் இல்லை, கோளாறு. பக்கிளுக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. தோப்பு வண்டிக்குள் என்னென்ன போகும் என்று உங்களுக்கே தெரியும். தேங்காய் நார், மண், கடலைத் தோல். எல்லாம் அந்த வாயில்தான் விழும். சாவியை ஆன் செய்து, எஞ்சின் வேண்டாம், பெல்ட்டை மாட்டிவிட்டு பக்கிளை நாலு பக்கமும் ஆட்டிப் பாருங்க. மீட்டரில் சிவப்பு லைட் மினுக்கினால் கோளாறு பக்கிளில்தான். பக்கிளை ஆட்டும்போது ஒண்ணும் ஆகாமல், சீட்டை முன்னே பின்னே தள்ளும்போது மினுக்கினால் கீழே கப்ளர் லூஸ், இல்லை ஒயர் உரசியிருக்கிறது. எலி கடித்ததும் இருக்கலாம்.

பக்கிள் என்றால் பஞ்சர் கடையில் காற்று பிடித்து ஊதச் சொல்லுங்க. டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே ஏதாவது சிக்கியிருந்தால் எடுத்துவிட்டு, எலக்ட்ரிக் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, பெல்ட்டைப் பலமுறை மாட்டிக் கழற்றுங்க. எண்ணெய், கிரீஸ் எதுவும் விடாதீங்க. அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் தூசி எல்லாம் அதில் ஒட்டி இன்னும் மோசமாகும். சரியாகவில்லை என்றால் பக்கிளையே மாற்றணும். கப்ளர் லூஸ் என்றால் நீங்களே குனிய வேண்டாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டபிறகுதான் அங்கே கை வைக்கணும். அதை ஒரு எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

இரண்டாவது, ஆள் இல்லாமல் பக்கத்து சீட் கத்துவது. அந்த சீட் குஷனுக்கு அடியில் எடையை உணர்கிற ஒரு பட்டை இருக்கும். ஆளா, மூட்டையா என்று அதுக்குத் தெரியாது. அந்த சீட்டில் என்ன வைக்கிறீங்க?

ஆனைமலை_தென்னை

தம்பி, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. பக்கத்து சீட்டில் சில நாள் புண்ணாக்குப் பை இருக்கும். மற்ற நாள் எங்கள் நாய் உட்காரும். அது முன்சீட்டை விட்டு எழவே எழாது, பின்னால் ஏற்றினால் குலைக்கிறது.

உடுமலை_ஆட்டோ_எலக்ட்ரிக்

அப்போ வண்டி சரியாகத்தான் வேலை செய்கிறது அண்ணா 😄 பையை கால் வைக்கிற இடத்தில் வையுங்க. நாய்க்கு வெளியூரில் சேணம் மாதிரி ஒரு பட்டை விற்கிறார்கள், அந்தப் பட்டையின் முனையில் இருக்கிற உலோக நாக்கை பக்கிளில் மாட்டலாம் என்கிறார்கள். பக்கிளுக்குப் பொருந்தாத நாக்கைச் சொருகினால் பக்கிள் கெடும், அதனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். பின்னால் பழக்குங்க.

கிணத்து_மேடு

எல்லாரும் பெல்ட் போடு பெல்ட் போடு என்கிறீர்கள். எங்க பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. வண்டி உள்ளே போனால் பெல்ட்டோடு மாட்டிக்கொண்டு சாவதா? அதுக்காகவே தோட்டத்துக்குள் நான் பெல்ட் போடுவதில்லை. சத்தம் வந்தால் வரட்டும்.

உடுமலை_ஆட்டோ_எலக்ட்ரிக்

பயம் நியாயம்தான். ஆனால் கிணற்றில் விழுகிற வண்டி முதலில் கிணற்றின் உள்சுவரில் மோதும், அப்புறம் தண்ணியில் மோதும். பெல்ட் இல்லாதவர் தலை கண்ணாடியில் போய் அடிக்கும். மயங்கிவிட்டவருக்கு பெல்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. நினைவு இருந்தால் சிவப்புப் பட்டனை ஒரு அமுக்கு, அவ்வளவுதான். கிணற்றடியில் நாலு கல்லுக்கால் நட்டு கம்பி கட்டுங்க, அது பெல்ட்டைவிட முக்கியம்.

கிணத்து_மேடு

கம்பி கட்டினால் நீர் இறைக்கிற பைப்பு மாற்ற வண்டி போகாது. நீங்கள் சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. பார்ப்போம்.

திருப்பூர்_பனியன்

யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். சாவியை ஆன் செய்து, பெல்ட்டை வரிசையாக மூன்று தடவை மாட்டிக் கழற்றினால் அலாரம் தானாகவே ஆஃப் ஆகிவிடுகிறது. அதை முயற்சி செய்யலாமே?

உடுமலை_ஆட்டோ_எலக்ட்ரிக்

அது அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டு பிக்கப்புகளுக்கு. அங்கே கம்பெனி கையேட்டிலேயே அந்த முறையை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், பண்ணைக்காரர்கள் நிறைய வாங்குகிற வண்டி. நம் ஊரில் விற்கிற வண்டிக்கு அது ஒத்து வரும் என்று நினைத்து உட்கார்ந்து மாட்டிக் கழற்றினால் விரல்தான் வலிக்கும்.

மஞ்சள்_காடு

என் யோசனைக்கு யாருமே பதில் சொல்லலையே. முதுகுக்குப் பின்னால் மாட்டினால் என்ன தப்பு?

கோபி_நெல்

நான் சொல்கிறேன். எங்க பெரியப்பா அப்படித்தான் மாட்டுவார். தோட்டத்தில் ஆரம்பித்தது. அப்படியே டவுனுக்கும் போய் வருவார், சத்தம் வராததால் ஞாபகமே வருவதில்லை. நீங்கள் அலாரத்தை ஏமாற்றினால் அது ரோட்டிலும் ஏமாந்தே இருக்கும். அதோடு ஏர்பேக் இருக்கிற வண்டியில் பெல்ட் இல்லாமல் பிரேக் அடித்தால் உடம்பு ஏற்கனவே முன்னால் போயிருக்கும். அந்த நேரத்தில் பை வெடித்து வந்தால் முகத்தில்தான் அறையும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்று சொல்வது அதுக்குத்தான்.

தோட்டத்துக்குள்தானே என்று பேரப்பிள்ளையை முன்சீட்டில் மடியில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஏர்பேக் முன்னால் குழந்தை கூடவே கூடாது. வரப்பில் மோதினாலும் சில சமயம் பை திறக்கும்.

மஞ்சள்_காடு

சரிங்க.

டிராக்டர்_பழனி_ரோடு

சம்பந்தம் இருக்கிறதால் கேட்கிறேன். எங்கள் டிராக்டர் சீட்டில் பெல்ட் வந்திருக்கிறது. அதில் அலாரம் இல்லை. போடணுமா வேண்டாமா?

உடுமலை_ஆட்டோ_எலக்ட்ரிக்

டிராக்டரில் கதை வேற. தலைக்கு மேலே அல்லது முதுகுக்குப் பின்னால் கெட்டியான பாதுகாப்புக் கம்பி, அதாவது கவிழ்ந்தாலும் ஆளை நசுக்காமல் தாங்குகிற இரும்புச் சட்டம் கம்பெனியே போட்டிருந்தால் பெல்ட் கட்டாயம் போடுங்க. கவிழும்போது ஆள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கணும். சட்டம் இல்லாத டிராக்டரில் பெல்ட் போடவே கூடாது, டிராக்டரோடு சேர்ந்து அடியில் போய்விடுவீங்க. வெயிலுக்கு லேத்தில் அடித்த தகரக் கூரை இந்தக் கணக்கில் வராது.

கோபி_நெல்

ஆனைமலைக்காரருக்கு இன்னொன்று. அடிக்கடி மாட்டிக் கழற்றுவதில் பாதி எரிச்சல் பெல்ட் மெதுவாக உள்ளே போவதால்தான். தொங்கி, கதவில் மாட்டி, ஓரம் பிய்ந்து. பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து, திரும்பப் போகாமல் மேலே ஒரு துணிக் கிளிப் போட்டு நிறுத்துங்க. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, துணியால் நீளவாக்கில் துடையுங்க. வரும் தண்ணீரைப் பாருங்க, செம்மண் குழம்பு மாதிரி இருக்கும். வெயிலில் காய வைக்காமல் நிழலில் இரவு முழுக்க விட்டு, நன்றாகக் காய்ந்தபிறகு கிளிப்பை எடுங்க. புதுசு மாதிரி விருட்டென்று போகும்.

ஆனைமலை_தென்னை

எல்லாருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கு உதவும்.

பக்கிளை ஆட்டியதும் லைட் மினுக்கியது. தம்பி சொன்ன மாதிரி காற்று அடித்தார்கள். நாரும் மண்ணும் வந்தது, கடைசியில் ஒரு வேப்பங்கொட்டை ஓடு. அது ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் குறுக்கே நின்றிருக்கிறது. கிளீனர் அடித்த பிறகு வாய்க்காலில் இறங்கினாலும் சத்தமில்லை. பெல்ட்டையும் துடைத்தேன். கோபிக்காரர் சொன்னது பொய்யில்லை, தண்ணீர் நிறம் பார்த்து வீட்டில் திட்டு விழுந்தது.

புண்ணாக்குப் பை கீழே போய்விட்டது. நாய் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வால்வு திருப்புகிற வேலைக்கு இனி டிவிஎஸ் எக்ஸெல்லில் போகிறேன். எண்ணிப் பார்த்தால் நாலு தென்னைக்கு ஒரு தடவை நிறுத்துவதற்கு டீசல் வண்டி எதுக்கு. மூட்டை ஏற்றும் நாள், பஞ்சாயத்து ரோட்டைத் தாண்டும் நாள் வண்டியை எடுக்கிறேன், ஏறும்போதே பெல்ட் போட்டுவிடுகிறேன். கிளிப் வாங்கவில்லை.

திருப்பூர்_பனியன்

எக்ஸெல்லில் ஹெல்மெட்?

ஆனைமலை_தென்னை

அதுக்கு அலாரம் இல்லைங்க 😅 ஆனால் ரோட்டைத் தாண்டும்போது போடுகிறேன். மட்டை விழுகிற சீசனில் தோப்புக்குள்ளும் போட வேண்டியதாகத்தான் இருக்கிறது.

உடுமலை_ஆட்டோ_எலக்ட்ரிக்

மூணு மாசத்துக்கு ஒரு தடவை பக்கிளை ஊதி விடுங்க அண்ணா. பின்சீட்டு பக்கிளையும் சேர்த்து. அங்கேதான் பசங்க மிட்டாய் காகிதம் எல்லாம் திணிப்பார்கள்.