எல்என்ஏ இரைச்சல் குறைய வழி சொல்லுங்கள்

வணக்கம். 65 நானோமீட்டர் சிமாஸ் சிப் தொழில்நுட்பத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவருக்கு எல்என்ஏ (ஆன்டெனாவின் மெல்லிய சிக்னலை அதிக இரைச்சல் சேர்க்காமல் பெருக்கும் சுற்று) வடிவமைக்கிறேன். ஸ்கீமேட்டிக் சிமுலேஷனில் நாய்ஸ் ஃபிகர் (சுற்று தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 1.9 டெசிபல் வந்தது. லேஅவுட் பாராசிட்டிக் (சிப்பில் வரையும்போது தானாக வந்துசேரும் மின்தடை, கெபாசிட்டன்ஸ்) சேர்த்ததும் 3 டெசிபல் ஆகிவிட்டது.

டிரான்சிஸ்டரின் கேட் முனையில் உள்ள, சிப்பிலேயே வரைந்த 10 நானோஹென்றி ஸ்பைரல் இண்டக்டர்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதன் க்யூ (தரக் காரணி; குறைந்தால் இழப்பு அதிகம்) வெறும் 7. அப்படியென்றால் சுமார் 21 ஓம் தொடர் மின்தடை, 50 ஓம் ஆன்டெனாவுக்கு எதிரே அது சின்னதே இல்லை. சிலிக்கான் அடித்தளம் இவ்வளவு ஆற்றலைத் தின்னும் என்று எதிர்பார்க்கவில்லை.

இண்டக்டரின் அடியில் பேட்டர்ன்ட் கிரவுண்ட் ஷீல்டு (அடித்தளத்திலிருந்து மறைக்கும், கீற்றுகளாக வெட்டிய தரையிணைப்பு உலோகத் தகடு) போட்டால் போதுமா, அல்லது இண்டக்டரைச் சிப்புக்கு வெளியே கொண்டுபோகலாமா? கையடக்கக் கருவி என்பதால் போர்டில் இடம் மிகக் குறைவு. அப்புறம், கேட்-சோர்ஸ் இடையே தனிக் கெபாசிட்டர் சேர்த்து இண்டக்டரைச் சிறிதாக்கியவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். டேப்அவுட் (வடிவமைப்பை முடித்துத் தயாரிப்புக்கு அனுப்பும் நாள்) நெருங்குகிறது, சிறு குறிப்பும் பேருதவி.