மறு: ரிலீவிங் போகிக்குத் தமிழில் என்ன?

வணக்கம். ரயில் பாதையில் ஓடும் பழைய நீராவிக் கிரேனுக்கான நம் சீரமைப்புக் கையேட்டில் “ரிலீவிங் போகி”க்கு, அதாவது கிரேனை இழுத்துப் போகும்போது அதன் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும் தனிச் சக்கரவண்டிக்கு, என்ன பேர் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

> “துணைப் போகி” என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் காட்பாடி ஜங்ஷனில் நின்று “துணைப் போகி எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்துக்காகக் கூடுதல் பெட்டி கோத்திருக்கிறார்கள் போல என்றுதான் நினைப்பார்கள். நம் ஊரில் போகி என்றால் பயணிகள் பெட்டி. (பழையதைக் கொளுத்தும் பண்டிகையை விட்டுவிடுவோம்.) அடியில் இருக்கும் சக்கரத் தொகுதிக்கு அந்தப் பேர் ரயில்வே ஆட்களைத் தாண்டி வரவேயில்லை.

ரிலீவிங் போகி செய்யும் வேலையை முதலில் பார்ப்போம். பழைய நீராவிக் கிரேனின் எடையெல்லாம் குட்டையான ஒரு சட்டகத்தின் மேல் குவிந்திருக்கும். அப்படியே இழுத்துப் போனால் ஒவ்வொரு அச்சிலும் இறங்கும் பாரத்தைப் பல பாலங்கள் தாங்கா. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் ரான்சம்ஸ் அண்டு ரேப்பியர் கம்பெனியை நடத்திய வில்ஃபிரட் ஸ்டோக்ஸ் இதற்கு வழி கண்டார். முதல் உலகப் போரில் பேர்பெற்ற ஸ்டோக்ஸ் மோர்ட்டாரும் இவர் செய்ததுதான். கிரேனின் இரு முனையிலும் தனிச் சக்கரவண்டி கோத்து, திருகை முறுக்கினால், பாரத்தில் ஒரு பங்கு அதன்மேல் ஏறும். வேலை நடக்கும் இடம் வந்ததும் திருகைத் தளர்த்தி வண்டியைக் கழற்றி ஒதுக்கிவிடுவார்கள். தூக்கும்போது அதற்கு வேலையே இல்லை.

> சுமைதாங்கி?

அருமையான சொல், ஆனால் இங்கே ஆபத்து. சாலையோரச் சுமைதாங்கிக் கல் நின்ற இடத்தில் முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ளும். இது ஓடும்போது மட்டும் கூட்டாளி. நாம் எழுதுவதோ சீரமைப்புக் கையேடு. “சுமைதாங்கிதான் இருக்கிறதே” என்று ஒருவர் பக்கவாட்டுக் கைகளை வெளியே இழுக்காமல், அடியில் கட்டை அடுக்காமல் பாரத்தைத் தூக்கினால் கிரேன் கவிழ்ந்துவிடும். அந்தக் கைகளுக்கு “முட்டுக்கை” என்று வைக்கலாம். முட்டுக்கட்டை வேண்டாம், செய்தித்தாள்கள் அதைக் கெடுத்துவிட்டன.

ரிலீவிங் போகிக்கு என் பரிந்துரை “தோள்வண்டி”. சாமி புறப்பாட்டில் நடுவழியில் ஒருவர் தோள் கொடுப்பார், இறக்கும் இடம் வந்ததும் விலகிக்கொள்வார், அதே வேலைதான். பாரம் ஏற்றும் திருகைத் “தோள்திருகு” எனலாம். கையேட்டில் வைத்துப் படித்தேன்:

“தோள்திருகு துருவேறி இறுகியிருந்தால் எண்ணெயில் ஊறவிட்டுக் கழற்றவும். மரை தேய்ந்திருந்தால் மாற்றவும். தோள்வண்டி கோத்தபின் ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் தனித்தனியே எடை பார்க்கவும்.”

உறுத்தவில்லை.

கிரேனின் கொதிகலனுக்கு நீங்கள் சொன்ன “நீரழுத்தச் சோதனை” சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. “தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது” என்று மட்டும் விளக்காதீர்கள். வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது அது. நீர் அமுங்காது என்பதால் தகடு விரிசல் விட்டாலும் கசியுமே தவிர வெடிக்காது.

அரக்கோணம் எஞ்சினியரிங் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே இந்த வண்டிக்கு என்ன பேர் புழங்கியது என்று எழுதுங்கள். நல்லதாக ஒன்று இருந்தால் தோள்வண்டியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.